சாப்பிட மாட்டேன் என்று நோயாளி சொன்னால் நீதிமன்றம் என்ன செய்யும்?

1990-களின் நடுவில் இங்கிலாந்துச் சிறை ஒன்றில் ஒரு கைதி உண்ணாவிரதம் இருந்தார். ஆளுமைக் கோளாறு உள்ளவர் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் தான் என்ன செய்கிறோம், அதனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. சிறை நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி தோர்ப் சொன்னது இதுதான்: இவருக்குத் தெளிவான மனது இருக்கிறது, அவர் மறுக்கும்வரை வலுக்கட்டாயமாக உணவு புகட்ட வேண்டாம்.

ஏறத்தாழ அதே காலத்தில், அதே நாட்டில், அனோரெக்ஸியா நெர்வோசா என்ற உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அவர்கள் மறுத்தாலும், உணவு செலுத்தலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. இரண்டு இடத்திலும் சாப்பிட மறுக்கும் ஒரு மனிதர்தான் இருக்கிறார். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இதைப் புரிந்துகொண்டால், சிகிச்சையை மறுக்கும் நோயாளிகளைப் பற்றிய சட்டத்தில் பாதி புரிந்துவிடும்.

உண்ணாவிரதம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோரிக்கை இருக்கும், கோரிக்கை நிறைவேறினால் பழரசம் குடித்து முடிப்பார்கள். மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000 முதல் 2016 வரை உண்ணாவிரதம் இருந்தார். தற்கொலை முயற்சி என்று வழக்குப் போட்டுக் காவலில் வைத்து, மூக்குக் குழாய் வழியாகவே அவருக்கு உணவு செலுத்தினார்கள். அந்தக் குழாயோடு இருக்கும் அவர் முகம் பலருக்கு நினைவிருக்கும். அனோரெக்ஸியா உள்ளவரின் மூக்கிலும் அதே குழாய்தான். ஆனால் அவரிடம் யாரும் நிறைவேற்றி வைக்கக்கூடிய கோரிக்கை எதுவும் இல்லை. பலர் சாகவும் விரும்புவதில்லை. எடை கூடிவிடுமோ என்ற பயம் ஒன்றுதான், அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீர்ப்புகளில் நோயாளியின் எடையும் உடல் நிறைக் குறியீட்டெண்ணும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்த நோயோடு போராடும் ஒருவர் இதைப் படித்தால் அந்த எண்கள் அவருக்குத் தகவலாக இருக்காது, இலக்காகிவிடும்.

பசி மனதை என்ன செய்கிறது

'ஒரு வாய் சாப்பிட்டால் என்ன, பிடிவாதம்தானே' என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிடிவாதம் என்ற சொல்லே இங்கே பொருந்தாது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த, உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் அரைவயிற்று உணவு. எடை கால்வாசி குறைந்தது. மனமும் மாறியது. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் துளித்துளியாகச் சாப்பிட்டார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், சோர்ந்துபோனார்கள். இவர்கள் யாருக்கும் முன்பு உணவுக் கோளாறு இருந்ததில்லை. பட்டினியே அவர்கள் சிந்தனையை இப்படி இறுக்கிப்போட்டது.

அனோரெக்ஸியாவில் இந்தப் பட்டினியோடு, கொழுத்துவிடுவோம் என்ற கடுமையான அச்சமும் சேர்ந்துகொள்கிறது. எடை குறையக் குறைய அச்சம் தணிவதில்லை, கூடுகிறது. மனநோய்களில் அதிக உயிர்களைப் பறிப்பவற்றில் இது ஒன்று. இதயம் நின்று போகிறவர்கள் உண்டு, தற்கொலையில் முடிகிறவர்களும் உண்டு.

இங்கிலாந்து நீதிமன்றம் இதை 1992-லேயே கவனித்தது. 16 வயதுப் பெண் ஒருவர், தன்னை வேறு சிகிச்சை நிலையத்துக்கு மாற்றக் கூடாது என்றார். அந்த வயதில் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று அங்கே 1969-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் மறுக்கவும் உரிமை உண்டுதானே என்பது வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. சிகிச்சையை மறுக்க வைப்பதே இந்த நோயின் ஒரு கூறு என்று நீதிபதி டொனால்ட்சன் சுட்டிக்காட்டினார். மறுப்பது அந்தப் பெண்ணா, அவரைப் பிடித்திருக்கும் நோயா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வழக்கிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் கேள்வி: முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, ஆபத்தான நிலையில் உள்ள மனநோயாளியை மருத்துவமனையில் தடுத்துவைக்கலாம், மனநோய்க்கான சிகிச்சையை அவர் சம்மதம் இல்லாமலும் தரலாம். குழாய் வழியாக உணவூட்டுவதும் மனநோய்க்கான சிகிச்சையில் அடங்கும் என்பது 1990-களில் உறுதியானது. எனவே கட்டாய உணவூட்டல் பெரும்பாலும் நீதிமன்றப் படியேறாமல் இந்தச் சட்டத்தின் கீழேயே நடந்துவிடும்.

நீதிமன்றத்துக்கு வருபவை அந்த எல்லையைத் தாண்டிய வழக்குகள். பத்து, இருபது ஆண்டுகளாக எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. இனியும் கையைக் காலைப் பிடித்துக் குழாய் விடலாமா, விடாமல் இருந்தால் அது சட்டப்படி சரியா என்று மருத்துவர்களே வந்து கேட்கிறார்கள். அப்போது 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தையும், அதற்கென்று உள்ள பாதுகாப்பு நீதிமன்றத்தையும் (கோர்ட் ஆஃப் புரொடெக்ஷன்) நாடுகிறார்கள். அங்கே நோயாளியின் பெயர் வெளியே வராது, ஓர் எழுத்துதான் இருக்கும். அவர் சார்பாகப் பேச, பெரும்பாலும் 'அஃபிஷியல் சொலிசிட்டர்' என்ற சட்ட அதிகாரி இருப்பார்.

அந்தச் சட்டம் முதலில் கேட்பது இதை: இந்த முடிவை எடுக்கும் திறன் இவருக்கு இருக்கிறதா? இருக்கிறது என்றே தொடங்க வேண்டும், இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். முட்டாள்தனமான முடிவு என்பதற்காக மட்டும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. (நம் இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அடுத்தவர் கண்ணுக்குத் தவறாகப் படும் முடிவு என்பது மட்டுமே திறன் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது.) தகவலைப் புரிந்துகொள்ள வேண்டும், மனதில் வைத்திருக்க வேண்டும், சீர்தூக்கிப் பார்க்க வேண்டும், முடிவை ஏதோ ஒரு வழியில் சொல்ல வேண்டும். மனநலம் பாதிக்கப்பட்டு இவற்றில் ஒன்று முடியாமல் போனாலும் திறன் இல்லை என்று ஆகும்.

அனோரெக்ஸியா உள்ளவர்களுக்குப் புரிதலில் குறை இருப்பது அரிது. பலர் தங்கள் நோயைப் பற்றி மருத்துவ மாணவர்களைவிட நன்றாகப் பேசுவார்கள். சாப்பிடாவிட்டால் இறந்துபோவேன் என்று அவர்களே சொல்வார்கள். சிக்கல் மூன்றாவதில், சீர்தூக்குவதில். சீர்தூக்குவது என்பதே தராசிலிருந்து வந்த பேச்சு. ஒரு தட்டில் உயிர், படிப்பு, அம்மா அப்பா, நாளைக்கு என்று எதை வைத்தாலும், மறுதட்டில் கலோரி என்ற ஒரே ஒரு கல் இருந்து, தராசு அசையவே மறுத்தால் அது எடைபோடுதல் ஆகாது. நீதிபதிகள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சாப்பிட மாட்டேன் என்பதே நோயின் அடையாளம், நோய் இருப்பதால் திறன் இல்லை, எனவே சாப்பிட மாட்டேன் என்று சொல்லும் யாருக்கும் அதைச் சொல்லும் திறன் ஒருநாளும் இருக்காது. வட்டமாகச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. 2012-இல் அனோரெக்ஸியா உள்ள ஒரு பெண்ணின் வழக்கில், நீதிபதி பீட்டர் ஜாக்சன் இந்தப் பொறி இருப்பதைத் தன் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுதான், அந்தப் பெண்ணுக்குத் திறன் இல்லை என்றார்.

அந்தப் பெண், அந்தத் தீர்ப்பு

தீர்ப்பில் அவர் பெயர் 'இ'. 32 வயது. ஒரு காலத்தில் மருத்துவம் படித்தவர், புத்திசாலி. ஓராண்டுக்கு மேலாகத் திட உணவு எடுக்கவில்லை. மருத்துவர்கள் கையை விரித்து, வலி தெரியாமல் போகட்டும் என்ற நிலைக்கு வந்திருந்தார்கள். பெற்றோருக்கு மகள் சாவதில் விருப்பமில்லை, ஆனாலும் அவள் சொல்வதைக் கேளுங்கள் என்றார்கள். எந்தத் தாய் தகப்பனுக்கும் வரக்கூடாத நிலைமை.

அவர் முந்தைய ஆண்டில், தனக்கு உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த நாட்டுச் சட்டப்படி, திறன் உள்ள ஒருவர் முன்கூட்டியே இப்படி முறையாக எழுதி வைத்தால் மருத்துவர்கள் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அப்படியென்றால் கேள்வி பின்னோக்கிப் போகிறது: கையெழுத்துப் போட்ட அன்று திறன் இருந்ததா? அன்றைய சூழ்நிலையை ஆராய்ந்த நீதிபதி, இருக்கவில்லை என்று முடிவுசெய்தார். இவ்வளவு பெரிய விஷயத்தில் அன்றே முழுமையாகப் பரிசோதித்து, காரணத்தோடு எழுதி வைத்திருக்க வேண்டும், அப்படிச் செய்யவில்லை என்றார்.

அப்புறம்தான் கடினமான பகுதி. சிறப்பு மருத்துவர் ஒருவர், இவருக்கு இதுவரை கிடைக்காத தரமான சிகிச்சை ஒன்று இன்னும் இருக்கிறது என்றார். ஓராண்டுக்குக் குறையாமல் ஆகும், தேவைப்பட்டால் பிடித்தோ மயக்கியோ உணவூட்ட வேண்டிவரும், பலன் கிடைக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. நீதிபதி இரண்டு பக்கத்தையும் நீளமாக எழுதிப் பார்த்து, தராசு மெல்லச் சாய்கிறது, ஆனால் ஐயமில்லாமல் உயிரின் பக்கம் சாய்கிறது என்று தீர்ப்பளித்தார்.

இரண்டாவது கேள்வி

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறோம். திறன் இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டால் கட்டாயச் சிகிச்சை உறுதி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதற்குப் பிறகு முழுதாக இன்னொரு கேள்வி இருக்கிறது: கட்டாயப்படுத்துவது இவருக்கு நல்லதா?

இவருக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2013-இல் வேறொரு நோயாளியின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேல் இதைத் தெளிவாக்கினார். சராசரி மனிதர் என்ன விரும்புவார் என்று கேட்கக் கூடாது. இந்த மனிதரின் விருப்பங்கள், நம்பிக்கைகள், இவர் வாழ்ந்த வாழ்க்கை, இவற்றிலிருந்து பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். சிகிச்சையை நிறுத்தலாமா என்பது கேள்வியில்லை, அதைக் கொடுப்பது சட்டப்படி சரியா என்பதே கேள்வி. ஒருவர் உடலைத் தொடுவதற்குத்தான் நியாயம் காட்ட வேண்டும், தொடாமல் இருப்பதற்கு அல்ல.

கட்டாய உணவூட்டல் என்ற இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். பல ஊழியர்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் தலையையும் கைகால்களையும் பிடித்துக்கொள்வார்கள். மூக்கு வழியாகக் குழாய் தொண்டைக்குள் இறங்கும். ஒரு நாளைக்குப் பலமுறை, மாதக்கணக்கில். பட்டினியால் எலும்பு தேய்ந்திருப்பதால் பிடிக்கும்போதே முறியலாம். பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சட்டென்று சரிந்து இதயம் நிற்கலாம். இதை மறுஊட்டல் நோய்க்குறி என்கிறார்கள், பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளிடம் கண்ட ஆபத்து. மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாமென்றால், பலவீனமான உடல் மயக்க மருந்தையும் தாங்காது. இவ்வளவும் செய்து எடையைக் கூட்டி வீட்டுக்கு அனுப்பினால், பயம் அப்படியே இருந்தால், சில மாதங்களில் திரும்பி வருவார்.

2016-இல் வேல்ஸைச் சேர்ந்த 28 வயதுப் பெண் ஒருவரின் வழக்கு வந்தது. அதே நீதிபதி பீட்டர் ஜாக்சன். அந்தப் பெண் 20 ஆண்டுகளாக, அதாவது பள்ளிச் சிறுமியாக இருந்தபோதிலிருந்தே, இந்த நோயோடு இருப்பவர். முடிவெடுக்கும் திறன் இல்லை என்று இங்கேயும் சொன்னார். ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று தீர்ப்பளித்து, வீட்டிலிருந்தே உதவி பெறும்படி அனுப்ப அனுமதித்தார். நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நீதிபதி, ஒரே சட்டம், எதிரெதிர் முடிவு. இதை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. முதல் பெண்ணுக்கு முயன்று பார்க்காத வழி ஒன்று இருந்தது. இரண்டாவது பெண்ணோ மருத்துவமனைகளிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவர், அவருக்குச் செய்து பார்க்காதது எதுவும் மிச்சமில்லை.

அமெரிக்காவின் நியூஜெர்சியிலும் அதே 2016-இல் 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கட்டாய உணவூட்டலை நீதிபதி பால் ஆம்ஸ்ட்ராங் அனுமதிக்க மறுத்தார். அவர் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இறந்துபோனார்.

இங்கே என் மனக்கலக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா வழியும் முடிந்துவிட்டது என்று யார் சொல்வது, எப்போது சொல்வது? பாஸ்டனில் நோயாளிகளை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அனோரெக்ஸியா உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களே குணமாகியிருந்தார்கள். 22 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட மூன்றில் இருவர் குணமாகியிருந்தார்கள். பத்து ஆண்டு முடிந்ததும் கைவிட்டிருந்தால் அவர்களில் பாதிப்பேரை இழந்திருப்போம். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று ஒரு மருத்துவர் சொல்லும்போது, நோய் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டதா அல்லது அந்த ஊரில் சிறப்புப் பிரிவில் படுக்கை கிடைக்கவில்லையா என்று கேட்டே ஆக வேண்டும். புற்றுநோயின் கடைசிக் கட்டம் போல இந்த நோய்க்கும் கடைசிக் கட்டம் உண்டா என்று மருத்துவர்களுக்குள்ளேயே கடும் வாதம் நடக்கிறது.

நீதிமன்றங்களும் ஒருமுறை சொன்னதோடு நின்றுவிடுவதில்லை. 'பாட்ரிசியா' என்று புனைபெயர் வைக்கப்பட்ட இளம்பெண்ணுக்கு அவர் விருப்பத்துக்கு மாறாகச் சிகிச்சை தர வேண்டாம் என்று 2023-இல் உத்தரவு வந்தது. குடும்பத்தினர் விடவில்லை, மறுபடியும் மனுப் போட்டார்கள். 2025-இல் நீதிபதி ஆர்பத்நாட் அந்த உத்தரவை விலக்கினார்.

கடைசியாக 2012-க்கே ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். 'இ' வழக்கு முடிந்து சில மாதங்களில் வந்தது 'எல்' வழக்கு. 29 வயது. 14 வயதிலிருந்து வாழ்க்கையின் பெரும்பகுதியை மருத்துவமனைப் படுக்கையிலேயே கழித்தவர். உடல் அவ்வளவு சிதைந்திருந்தது, கட்டாயமாக உணவூட்டினால் அந்த முயற்சியிலேயே இறந்துவிடுவார் என்று மருத்துவர்கள் ஏறத்தாழ உறுதியாகச் சொன்னார்கள். பெற்றோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

நீதிபதி எலினார் கிங் இதில் செய்ததைப் படித்தபோது, இந்தச் சட்டம் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யக்கூடியது என்று எனக்கு முதல்முறை புரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் திறன் இருக்கிறதா இல்லையா என்று அவர் ஒரே அடியாகச் சொல்லவில்லை. படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடலாமா, ஆன்டிபயாடிக் வேண்டுமா, வலிமாத்திரை வேண்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்யும் திறன் இவருக்கு இருக்கிறது என்றார். உணவு, நீர்ச்சத்து, இரத்தச் சர்க்கரை சரியும்போது ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் கரைசல், இவற்றைப் பற்றி முடிவு செய்யும் திறன் மட்டும் இல்லை என்றார். காரணம், டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை. சர்க்கரை என்றால் கலோரி. கலோரி என்ற சொல் நுழையும் இடத்தில் மட்டும் அந்த மனது பூட்டிக்கொண்டது, மற்ற இடமெல்லாம் அவருடையதாகவே இருந்தது.

உத்தரவும் அதே நுணுக்கத்தோடு இருந்தது. அவர் ஒத்துக்கொள்ளும் உணவையும் சிகிச்சையையும் கொடுக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாத உணவைப் பலவந்தமாகச் செலுத்தக் கூடாது. ஒரே ஒரு விலக்கு: சர்க்கரை சரிந்து அந்தக் கணமே உயிர் போகும் நிலை வந்தால், அவர் வேண்டாம் என்றாலும் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றலாம். அதையும் தாண்டி முடிவு நெருங்கினால், வலியில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.